எழுபதுக்கு முன் கயிலாயம்



உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் கயிலாய மானசரோவர யாத்திரை செல்ல வேண்டும் என்ற மனோரதத்தை நெடுங்காலமாக நெஞ்சில் வளர்த்துக்கொண்டு, மகள் கல்யாணம் ஆகட்டும், பேரன் படிப்பு முடியட்டும் என்று நாளைக் கடத்துகிறவர்கள், நம் வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு இடமில்லை என்பதைக் காலங்கடந்தே அறிகிறார்கள். 60-இல் ஓய்வு பெறுபவருக்குப் பத்தே ஆண்டுகள்தாம். அதிலும் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

ஆகையால், பணிக்கொடையாக வரும் முதலைத் தொடாமல், அதை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் வட்டியில் ஒரு பங்கை யாத்திரைக்கென்றே தனிக் கணக்கில் சேர்த்து வருவதுதான் விவேகம் என்பது என் அபிப்பிராயம். யாத்திரைக் கட்டணத்தோடு செலவு நின்றுவிடாது. டில்லிப் பயணம், கம்பளி உடைகள், குதிரைக்கும் சுமையாளுக்கும் கூலி ஆகியவற்றோடு, அவசரத்தில் ஹெலிகாப்டரில் இறக்க நேரிட்டால் ஆகும் தொகையையும் முன்கூட்டியே ஒதுக்கி வைத்தல் அவசியம்.

பணத்தைவிடத் தேகமே பிரதானம். கயிலாயத்தை வலம் வரும் பரிக்ரமாவின் உச்சியான டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதிதான். உடல் நிறை குறியீடு 25-க்கு மேற்பட்டவர்களை மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எண்ணமுள்ள நேயர்கள், இந்த வாரமே மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டு, அந்தத் தனிக் கணக்கையும் தொடங்கிவிடுங்கள்.