உயிர்பெற மறுக்கும் கணினி



வீட்டில் ஒருவர் நோயுற்றால் வைத்தியர் முதலில் நாடியைப் பார்க்கின்றார்; பின்னர் நாவைப் பார்க்கின்றார்; அதற்கப்பாலே மருந்தைப் பற்றிச் சிந்திக்கின்றார். ஆனால், மேசைக் கணினி ஒன்று ஒருநாள் எழ மறுத்துவிட்டால் அதற்கு நாடி பார்ப்பார் எவருமிலர். "இயந்திரம் முடிந்துவிட்டது" என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பாகவே இருந்துவிடுகின்றது.

வன்னிப் பகுதியிலுள்ள கிராமப் பாடசாலை ஒன்றின் அலுவலகத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். ஐப்பசி மாதம், பிற்பகல் இடிமழைக் காலம். நாற்பத்திரண்டு மாணவரின் பரீட்சை விபரங்கள் மறுநாட் காலை வலயக் கல்விப் பணிமனையைச் சென்றடைதல் வேண்டும். அவ்விபரங்கள் யாவும் அலுவலகக் கணினி ஒன்றிலேதான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. இடிமுழக்கத்தோடு மின்சாரம் நின்றது. அரை மணி கழித்து அது மீண்டபோது விளக்குகள் எரிந்தன, மின்விசிறி சுழன்றது, கணினி மாத்திரம் எழவில்லை.

"எல்லாம் போய்விட்டதே, ரீச்சர்!" என்று எழுதுவினைஞர் கலங்கினார். தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை கலங்கவில்லை. "எது போயிற்று என்பதை முதலில் பார்ப்போம், ஐயா" என்றார்.

அவர் பார்த்த முறையே இன்று நாம் கவனிக்க வேண்டியது.

எழாத கணினி மூன்று வகைப்படும். பொத்தானை அழுத்தினால் ஒலியோ ஒளியோ சிறிதுமின்றிக் கிடப்பது ஒரு வகை. ஒரு கணம் விசிறி அசைந்து உடனே அடங்கிவிடுவது இரண்டாவது வகை. விசிறி தொடர்ந்து ஓடியும் திரை இருண்டே இருப்பது மூன்றாவது வகை. மூன்றாவது வகையிற் கணினி உயிரோடுதான் இருக்கின்றது. திரையின் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது நினைவகத் தகடு தன் இடத்திற் சரியாக அமராதிருக்கலாம். தகட்டை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிறப்பரால் மெல்லத் துடைத்து மீண்டும் பொருத்தியதும் எழுந்த கணினிகள் பலவாகும். பாடசாலைக் கணினியோ முதலாவது வகையைச் சேர்ந்தது. அதில் அசைவு எதுவுமே இல்லை.

இங்கே ஓர் உண்மையை அறிந்துகொள்ளல் நன்று. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியின் பக்கத்திலே பெரியதோர் ஆளி இருந்தது. அது மின்சாரத்தை நேரே இணைக்கவும் துண்டிக்கவும் செய்தது. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.ரி.எக்ஸ். என்னும் அமைப்பை வகுத்த பின்னர் இந்நிலை மாறிற்று. இன்று முன்புறத்திலுள்ள பொத்தான், வாயிற் கதவைத் தட்டும் விருந்தாளி போன்றது. கதவைத் திறப்பது உள்ளேயிருக்கும் தாய்ப்பலகையே. அத்தாய்ப்பலகை விழித்திருப்பதற்காக, கணினி நிறுத்தப்பட்டிருக்கும் வேளையிலும் மின்வழங்கி ஐந்து வோல்ற்று மின்சாரத்தை ஓயாது அளித்துக்கொண்டிருக்கின்றது. அந்த ஐந்து வோல்ற்று இல்லையாயின், பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை.

ஆசிரியை சுவரிலிருந்து தொடங்கினார். கணினி செருகப்பட்டிருந்த குதையிலே மேசை விளக்கொன்றைச் செருகினார். விளக்கு எரிந்தது, குதை நன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் கணினியின் கம்பி நன்று என்பது அதனால் தெளிவாகவில்லை. பதின்மூன்று அம்பியர்ச் செருகியின் உள்ளே ஒரு சிறிய உருகி உண்டு; விளக்கின் செருகி வேறு, கணினியின் செருகி வேறு. திரைக்கும் கணினிப் பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே வகைக் கம்பியே பயன்படுகின்றமையால், எரிந்துகொண்டிருந்த திரையின் கம்பியைக் கழற்றிக் கணினியிற் பொருத்தினார். அப்போதும் அசைவில்லை. கம்பியின் மீதிருந்த ஐயமும் நீங்கிற்று.

பெட்டியின் பின்புறத்தில் மின்வழங்கிக்கென ஒரு சிறிய ஆளி இருக்கும். துப்புரவு செய்யும்போது கைபட்டு அது அணைந்திருப்பதும் உண்டு. அது சரியாகவே இருந்தது. கம்பியைக் கழற்றிவிட்டு, முன்புறப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். உள்ளே எஞ்சிய மின்னேற்றம் வடிந்த பின்னர்ச் சில கணினிகள் எழுவதுண்டு. இது எழவில்லை.

அதன் பின்னரே பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். கம்பி கழற்றப்பட்டிருந்தது. உடலில் தங்கும் நிலைமின் நுண்ணிய பாகங்களைக் கெடுத்துவிடும் ஆதலின், பெட்டியின் உலோகச் சட்டத்தை முதலில் தொட்டுக்கொண்டார். எறும்புக் கூடோ பல்லியோ உள்ளதா என நோக்கினார். நம் நாட்டிற் கணினிகளுக்கு இவையும் பகைவரே. கொள்ளளவிகளின் தலை புடைத்திருக்கின்றதா எனவும் பார்த்தார். 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் வெளிவந்த பல தாய்ப்பலகைகள் அவ்வாறு புடைத்துப் பழுதாயின. இங்கே அத்தகைய குறி எதுவும் தென்படவில்லை.

அந்தத் தாய்ப்பலகையிலே, மின்சாரம் வந்தால் ஒளிரும் சிறு விளக்கொன்று உண்டு. கம்பியை மீண்டும் இணைத்தபோதும் அது ஒளிரவில்லை. இருபத்துநான்கு முனையுள்ள பெரிய இணைப்பியைக் கழற்றி அழுத்திப் பொருத்தியும் பயன் கிடைக்கவில்லை. எங்கேனும் குறுஞ்சுற்று ஏற்பட்டால் மின்வழங்கி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே, தட்டு முதலிய பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பாகத்தைத் தொடுமுன் சுவர்க் கம்பியைக் கழற்றினார். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்தார். விளக்கு இருண்டே கிடந்தது. எஞ்சியவை இரண்டே: தாய்ப்பலகை, மின்வழங்கி.

கணினிக் கூடத்திலிருந்த அதே வலுவுள்ள நல்ல மின்வழங்கி ஒன்றை, அதற்குரிய கம்பிகளோடு கொண்டுவந்து இணைத்தார். சிறு விளக்கு ஒளிர்ந்தது. பொத்தானை அழுத்தினார், விசிறி சுழன்றது, திரையில் எழுத்துகள் தோன்றின. எழுதுவினைஞர் கைகூப்பினார்.

இடிமழையோடு நின்ற மின்சாரம் மீண்டபோது மின்னழுத்தம் ஒரு கணம் மிகுந்து, பழைய மின்வழங்கியை அழித்திருத்தல் கூடும். அந்தப் பெட்டியைத் திறந்து திருத்திப் பார்ப்போமா என்று சிற்றூழியர் கேட்டார். ஆசிரியை உறுதியாகத் தடுத்தார். சுவரிலிருந்து வரும் இருநூற்று முப்பது வோல்ற்று, அப்பெட்டிக்குள் முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட நேர்மின்னாக மாறி, கொள்ளளவிகளிலே தேங்கி நிற்கும். கம்பியைக் கழற்றிய பின்னரும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். கணினியில் எதனைத் திறப்பினும் மின்வழங்கியின் உள்ளே கை வைத்தல் ஆகாது. உயிர் போனால் அதற்கு உதிரிப்பாகம் இல்லை.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. மின்வழங்கி செத்ததேயன்றித் தட்டிலிருந்த விபரங்கள் சாகவில்லை. தாய்ப்பலகையே பழுதாகியிருந்தாலும், அத்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து அவ்விபரங்களைப் பெரும்பாலும் மீட்டிருக்கலாம். "எல்லாம் போய்விட்டது" என்று பெட்டியையே புறத்தே எறிந்திருந்தால், நாற்பத்திரண்டு பிள்ளைகளின் விபரங்களும் அதனோடு போயிருக்கும்.

அன்றிரவு விபரங்கள் அச்சிடப்பட்டன. ஒரு சிறு சேமிப்புக் கோலிலும் பிரதி எடுக்கப்பட்டது. அடுத்த நாள் தொடக்கம், இடி முழங்கும் ஓசை கேட்டவுடனே செருகியைக் கழற்றிவிடுதல் அவ்வலுவலகத்தின் வழக்கமாயிற்று.

கணினி ஒன்று எழாதபோது, சுவரிலிருந்து தொடங்கி உள்ளே செல்க. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் நோக்குக. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. ஐயம் நீங்கியதைப் பின்னே விட்டு முன்னே செல்க. பதற்றம் எல்லாவற்றையும் ஒருங்கே தொடுகின்றது. அறிவு ஒவ்வொன்றாகத் தொடுகின்றது. இவ்வொழுங்கு கணினிக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நேயர்களுக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை.