வானத்துப் பாதையைக் காக்கும் வேலை: நம் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்

(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், பணி ஓய்வு பெற்ற வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் விமானம் ஏறாத வீடு அநேகமாக இருக்காது. வாப்பா வளைகுடாவில் இருப்பார், அண்ணன் மலேசியாவில் இருப்பார். உம்ராவுக்குப் போய் வந்த பெரியம்மா இருப்பார். வழியனுப்பிவிட்டு, விமானம் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துக்கொண்டு நிற்போம். மறைந்த பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஒருவர் உண்டு. அவர்தான் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். சுருக்கமாக ஏ.டி.சி. என்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் அந்த வேலை பார்த்தேன்.

கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையில் விமானம் இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுக்கிறார். அணுகுமுறைக் கட்டுப்பாட்டில் இருப்பவர் நிலையத்தை நெருங்கும் விமானங்களை வரிசைப்படுத்துகிறார். பகுதிக் கட்டுப்பாட்டில் இருப்பவர் உயரத்தில் பறப்பவற்றை ஒன்றுக்கொன்று போதிய இடைவெளியில் வைத்திருக்கிறார். இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பணிக்கு ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். 1995-இல் இரண்டு ஆணையங்களை இணைத்து உருவான மத்திய அரசு நிறுவனம் அது.

இது எவ்வளவு பொறுப்பான வேலை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து சவூதி விமானம் ஒன்று தஹ்ரானுக்குக் கிளம்பியது. அதில் பலர் நம்மைப் போல் பிழைப்புக்காகப் போனவர்கள். எதிரே கஜகஸ்தான் விமானம் ஒன்று டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது. மேலே ஏறும் விமானத்துக்கு 14,000 அடி வரை அனுமதி. இறங்கும் விமானத்துக்கு 15,000 அடியோடு நிற்கும்படி உத்தரவு. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி. இறங்கிய விமானம் அந்த இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே வந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊரின் மேலே இரண்டும் மோதின. 349 பேர் இறந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. கஜக் விமானிகளின் ஆங்கிலம் போதாமல் இருந்ததும் ஒரு காரணமாக விசாரணையில் பேசப்பட்டது.

அப்போது நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அன்றைக்குப் பிறகு ஒரு எண்ணைச் சொல்லும்போதும், விமானி அதைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போதும் என் காது கூர்மையாகவே இருந்தது. நாம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அது சரியா என்று நாம் கேட்க வேண்டும். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இனி, இதற்கு எப்படிப் போவது என்று பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பதவியின் பெயர் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், ஏர் டிராஃபிக் கன்ட்ரோல். முழுநேரமாகப் படித்த பி.எஸ்சி. பட்டம் வேண்டும், அதில் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும். அல்லது எந்தப் பிரிவிலாவது பொறியியல் பட்டம் வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு ஏதாவது ஒரு பருவத்திலாவது இயற்பியலும் கணிதமும் பாடமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே பி.எஸ்சி. சேரப்போகும் பிள்ளைகளே, கல்லூரியில் இடம் வாங்கும்போதே துணைப்பாடம் என்ன என்று கேளுங்கள். மூன்று வருடம் படித்து முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

வயது 27-க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவுக்கு மூன்று ஆண்டுத் தளர்வு உண்டு. விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு வருடமும் அறிவிப்பு வரும் என்று நம்ப முடியாது. 2023-இல் 496 இடங்களுக்கும், 2025-இல் 309 இடங்களுக்கும் அழைத்தார்கள். விண்ணப்பிக்க ஒரு மாதம்தான் கொடுப்பார்கள். ஆணையத்தின் இணையதளத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள்.

எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். பாதி கேள்விகள் ஆங்கிலம், பகுத்தறிதல், எண்கணிதத் திறன், பொது அறிவு ஆகியவற்றிலிருந்து வரும். மீதிப் பாதி கணிதமும் இயற்பியலும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடங்களை அடித்தளமாக வைத்துக்கொண்டு, பட்டப்படிப்பின் கணிதத்தையும் இயற்பியலையும் திரும்பப் படியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, குரல் சோதனை, மனநலத் திறன் மதிப்பீடு, போதைப்பொருள் சோதனை, மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கும்.

குரல் சோதனை என்றதும் நம் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரர் போல் பேச வேண்டியதில்லை. தெளிவாக, திக்காமல், ஒரே வேகத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான். நான் தமிழ்வழியில் படித்தவன். தினமும் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துத்தான் பழகினேன். இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. படிப்பதைப் பதிவு செய்து நீங்களே கேட்டுப் பாருங்கள். எங்கே விழுங்குகிறோம் என்று தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு, ஒன்பதை 'நைனர்' என்றும் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் சொல்லப் பழக்குவார்கள். இரைச்சலில் ஒன்று மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடி போட்டிருப்பது மட்டும் தடையாகாது. ஆனால் நிறம் பிரித்தறியும் திறனும் காதும் நன்றாக இருக்க வேண்டும். சிறுவயதிலேயே ஒருமுறை நிறப்பார்வையைச் சோதித்துவிடுவது நல்லது. போதைப்பொருள் சோதனையில் சமாதானம் எதுவும் எடுபடாது. நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்று ஒருநாள் தொட்டது கூட ஒரு வாழ்க்கையின் கதவை மூடிவிடும்.

தேர்வானவர்களை பிரயாக்ராஜ், ஹைதராபாத், கோந்தியா போன்ற இடங்களில் உள்ள ஆணையத்தின் பயிற்சி நிலையங்களுக்கு அனுப்புவார்கள். பிரயாக்ராஜ் கல்லூரி 1948-இல் தொடங்கியது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், அதற்கு மேல் படிகள் உண்டு. பணி முறைவைத்து நடக்கும். இரவுப்பணி இருக்கும், பெருநாள் அன்றும் போக வேண்டி வரும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஓர் எச்சரிக்கை. பணம் கட்டினால் ஏ.டி.சி. வேலை வாங்கித் தருவோம் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். தனியார் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இந்த வேலைக்குத் தகுதி ஆகாது. தேர்வு ஒன்றுதான் வழி.

கடைசியாக, நான் இங்கே வந்து பேசச் சம்மதித்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகன் கெட்டிக்காரன். 28 வயதில், வயதுத் தளர்வை நம்பி விண்ணப்பித்தான். எழுத்துத் தேர்வில் தேறினான். சரிபார்ப்புக்குப் போகும்போது, மாநில அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனான். நமக்கு 2007 முதல் இருக்கும் 3.5 சதவீத ஒதுக்கீடு மாநில அரசுக்கானது. மத்திய அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்ட இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும். அதுவும் விளம்பரத்தில் சொன்ன தேதிக்குள் வாங்கியிருக்க வேண்டும். அவனிடம் அது இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விதிப்படி செய்தார்கள், அவர்கள் மேல் குறையில்லை. அடுத்த அறிவிப்பு வந்தபோது அவனுக்கு வயது கடந்துவிட்டது.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று கேட்டான். முப்பது வருடம் அதே வேலையில் இருந்த மனுஷனால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கணிதம் எப்படிப் படிக்கிறாய், ஆங்கிலம் எப்படி வருகிறது என்றெல்லாம் கேட்டேன். சான்றிதழைக் காட்டு என்று மட்டும் கேட்கவில்லை.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் என்று உங்கள் பிரிவு எதுவாக இருந்தாலும், அது மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் மத்திய அரசுப் படிவத்தில் விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பெயர்களை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுகிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய வேலை இதுதான். பாடம் நாளைக்குத் தொடங்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னோடு பணியாற்றிய பெண் கட்டுப்பாட்டாளர்கள் பலர். நெருக்கடியான நேரத்தில் பதறாத குரல் அவர்களுடையது. உங்கள் மகள் பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தால், 27 வயதுக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே இருப்பேன். சான்றிதழ் கொண்டு வந்தவர்கள் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இன்ஷா அல்லாஹ், நம் ஊரிலிருந்து கிளம்பும் ஒரு விமானத்துக்கு நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் வழி சொல்லும் நாள் வரட்டும்.

வஸ்ஸலாம்.