மின்மானியும் ஒரு கொப்பியும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் மேடையேறினால் சீனி வருத்தம், பிரஷர் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றுக்கு விடுமுறை. ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேசப்போகிறோம். "நாங்கள்" என்று சொல்வது, இந்தப் பாடசாலையில் ஒன்றாக உயர்தரம் படித்து, இன்று பதுளையிலும் கொழும்பிலும் டொரொன்டோவிலும் வாழும் ஏழு பேரை. எங்கள் பொழுதுபோக்கு முத்திரை சேர்ப்பதோ பூக்கன்று வளர்ப்பதோ அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவரும் தம் வீட்டு மின்மானியைப் பார்த்து, அதிலுள்ள எண்ணை ஒரு கொப்பியில் எழுதுகிறோம். "மின்சார சபையில் வேலை கிடைத்துவிட்டதா?" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். பரவாயில்லை.

எழுதத் தொடங்கிய பிறகுதான் சில விடயங்கள் பிடிபட்டன. பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினமும் 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிந்தால் ஒன்றரை அலகு கூட இல்லை. நம் நாட்டில் மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே விலை மாறிவிடும். 58இல் நிற்கும் வீட்டுக்கும் 62இல் நிற்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பல்பு, ஒரு கேத்தல், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 60 என்ற கோட்டை யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்துதான் போட்டார்கள். ஆகவே கொப்பியில் எழுதும் அந்த எண்ணுக்குள் அரசியலும் இருக்கிறது.

வினோதமான பொழுதுபோக்கால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவரை உதாரணம் காட்டலாம். சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர. மண்ணெண்ணெய் போத்தல் லாம்பு கவிழ்ந்து எரிகாயங்களோடு வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்தவர் அவர். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த லாம்பை விளக்கத் தேவையில்லை. பழைய மருந்துப் போத்தல், மூடியில் ஒரு துளை, அதில் துணித்திரி. கை பட்டால் சரியும், சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும், உடுப்பில் தீப்பிடிக்கும்.

காயத்துக்கு மருந்து கட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. எந்தப் போத்தல் கவிழாது என்று தேடினார். மார்மைட் போத்தல் குட்டையாகவும் பாரமாகவும் இருப்பதைக் கண்டு, அதிலிருந்து தொடங்கினார். 1992இல் 'சுதீப' என்ற பாதுகாப்பான லாம்பை உருவாக்கினார். தடித்த கண்ணாடி, உருளாமல் இருக்க இரண்டு தட்டையான பக்கங்கள், திருகிப் பூட்டும் உலோக மூடி. விலை மிகக் குறைவு. 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. ஒரு சத்திர சிகிச்சை நிபுணர் வெறும் போத்தல்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து அன்று யாராவது சிரித்திருக்கலாம். அந்த விளையாட்டால் எத்தனை பிள்ளைகளின் முகம் தப்பியது என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

இப்போது பெரும்பாலான லயங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் அடுப்பு இன்னும் விறகில்தான். புகைபோக்கி சரியில்லாத சிறிய குசினியில், கொழுந்து எடுத்துவிட்டு வந்த தாய் குனிந்து ஊதுகிறாள், முதுகில் குழந்தை. சமையல் புகையால் வீடுகளுக்குள் ஏற்படும் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. சிகரெட்டைத் தொட்டே பார்க்காத எங்கள் அம்மாமார் மூச்சிழுப்போடு வைத்தியசாலை வாங்கில் காத்திருப்பதற்கும் அந்தப் புகைக்கும் தொடர்புண்டு. பம்ப் மருந்தை எழுதிக் கொடுப்பது சுலபம். "அம்மா, உங்கள் குசினியில் புகை எந்தப் பக்கத்தால் வெளியே போகிறது?" என்றும் நாங்கள் கேட்கப் பழகியிருக்கிறோம்.

எழுதி வைப்பதன் அருமையை நம் ஊவாவே நமக்குக் கற்பித்திருக்கிறது. உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்தது. பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 120 மெகாவாட் மின்சாரம் தரும் அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. அந்த மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆனால் "என் கிணற்றில் முன்பு எவ்வளவு தண்ணீர் இருந்தது" என்று கேள்வி வரும்போது, மாதாமாதம் கயிறு விட்டு அளந்து எழுதியவரின் கையில் சாட்சி இருக்கும். எழுதாதவரிடம் கண்ணீர் மட்டும்தான் இருக்கும்.

2022ஐ இங்கு யாரும் மறக்கவில்லை. மழை குறைந்தால் நீர்த்தேக்கம் வற்றும். அப்போது நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் டொலர் வேண்டும். அந்த வருடம் டொலர் இல்லை. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஜூலையில் நாட்டின் ஜனாதிபதியே பதவியை விட்டுப் போனார். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கொழும்பில் அந்த இருட்டு ஓர் ஆட்சியையே அசைத்தது. தோட்டத்தில் அதே இருட்டு, பரணில் கிடந்த போத்தல் லாம்பைத் திரும்ப இறக்கி வைத்தது.

அரசியல் நமக்கு எதற்கு என்று ஒதுங்குபவர்களுக்கு இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே ஆய்வுரை எழுதியவர். எழுதியதோடு நிற்காமல் அரசியலுக்கு வந்து, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவானார். லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். காகிதத்துக்கும் விளக்குக்கும் இடையில் 32 வருடம்! பிறகு அந்த மலைகளில் காசல்ரி, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. மவுசாகலையில் நீர் வற்றும் காலங்களில் பழைய கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்க நம் மக்கள் வாழ்ந்த மண்ணும் மூழ்கியது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் நமக்கும் பங்கு கேட்பது பிச்சையல்ல.

அதனால் இந்த நூற்றாண்டில் உங்களிடம் மூன்று வேண்டுகோள். வெளிநாட்டிலிருக்கும் தங்கைமாரே, பாடசாலைக்குப் பணம் அனுப்பும்போது கட்டடத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு பிள்ளையின் வீட்டு அடுப்புக்கு ஒழுங்கான புகைபோக்கி, படிக்கும் மேசைக்கு ஒரு சூரிய விளக்கு என்றும் நினைத்துப் பாருங்கள். ஊரிலிருக்கும் அக்காமாரே, ஓட்டுக் கேட்டு வருபவரிடம், தெரு விளக்கோடு சேர்த்து லயத்து வயரிங்கையும் குசினியையும் பற்றிக் கேளுங்கள். இங்கு படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு மிகச் சுலபமான வேலை: ஒரு கொப்பி, ஒரு பென்சில். மின்மானியோ, மழையோ, கிணற்று நீரோ, ஏதாவது ஒன்றை ஒரு வருடம் விடாமல் எழுதுங்கள். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்த ஒன்றுகூடலுக்கு அந்தக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். நாங்கள் ஏழு பேரும் எங்கள் கொப்பிகளோடு வருகிறோம்.