மாத்திரை இங்கே, மூலப்பொருள் எங்கே?



காய்ச்சல் என்றால் இந்தியாவின் எந்தக் கிராமத்திலும் முதலில் கைக்கு வருவது பாரசிட்டமால் மாத்திரைதான். அதன் அட்டையில் இந்தியத் தயாரிப்பு என்று அச்சிடப்பட்டிருக்கும். அது பொய்யன்று. மாத்திரையாக வார்க்கப்பட்டதும் அட்டையில் அடைக்கப்பட்டதும் இங்கேதான். ஆனால் மாத்திரைக்குள் இருக்கும் மருந்து, பாரா அமினோ பீனால் என்ற வேதிப்பொருளிலிருந்து உருவாகிறது. அந்த வேதிப்பொருளுக்கு இந்தியா நீண்ட காலமாகச் சீன ஆலைகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

ஓர் ஆலையில் பிறந்து மற்றோர் ஆலையில் கரைந்துபோகும் இத்தகைய பொருள்களே இடைநிலைப் பொருள்கள். பஞ்சுக்கும் சட்டைக்கும் இடையே நூல். இரும்புத் தாதுவுக்கும் பேருந்துக்கும் இடையே எஃகுத் தகடு. கடையில் நிற்பவர் இவற்றைக் காண்பதில்லை. ஆனால் எரிபொருளை நீக்கிப் பார்த்தால், உலகச் சரக்கு வர்த்தகத்தில் ஏறத்தாழப் பாதி இவைதான்.

மூலதனம் நூலின் இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் சமூக உற்பத்தியை இரு துறைகளாகப் பிரித்தார். ஒன்று உற்பத்திச் சாதனங்களைப் படைக்கிறது. மற்றொன்று நுகர்பொருள்களைப் படைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று ஊட்டமளிக்காவிடில் மறுஉற்பத்தி தடைபடும். முதல் துறை எல்லைக்கு அப்பால் போய்விட்டால், நாட்டின் உற்பத்திச் சக்கரம் உலகச் சந்தையின் விலைக்கும் வல்லரசுகளின் அரசியலுக்கும் கட்டுப்பட்டே சுழலும். இந்தியாவின் மருந்துத் தொழில் இதற்குத் தெளிவான சான்று.

ஏற்றுமதிக் கணக்கின் மாயம்

ஆட்சியாளர்கள் ஏற்றுமதித் தொகையை மட்டும் காட்டி வளர்ச்சி என்கிறார்கள். அந்தத் தொகைக்குள் இறக்குமதியான இடைநிலைப் பொருள்களின் மதிப்பும் அடங்கியிருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை விளக்கியது. 2009இல் சீனாவில் பொருத்தப்பட்ட ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 179 டாலர். அதில் சீனத் தொழிலாளர்கள் செய்த பொருத்தும் வேலைக்குக் கிடைத்தது வெறும் 6.50 டாலர். ஆனால் வர்த்தகப் புள்ளிவிவரத்தில் முழுத் தொகையும் சீனாவின் ஏற்றுமதியாகவே பதிவானது. பொருத்தும் வேலை இந்தியாவுக்கு இடம்பெயர்வதாலேயே இந்தக் கணக்கு மாறிவிடாது. எவ்வளவு ஏற்றுமதியானது என்பதோடு, அதில் உள்நாட்டு உழைப்பு சேர்த்த மதிப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

கட்டியதும் கலைத்ததும்

மருந்து மூலப்பொருளில் இந்தியா தொடக்கத்திலிருந்தே கையேந்தி நின்ற நாடு அன்று. 1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டது. 1961இல் சோவியத் ஒத்துழைப்புடன் ஐ.டி.பி.எல். உருவானது, ரிஷிகேஷில் நுண்ணுயிர்க்கொல்லிகளும் ஹைதராபாத்தில் செயற்கை மருந்துகளும் தயாராயின. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்துச் செய்முறைக்கு மட்டும் வழங்கியது. 1978ஆம் ஆண்டின் மருந்துக் கொள்கை, மருந்து விற்பவர்கள் மூலப்பொருள் உற்பத்தியிலும் ஈடுபட வேண்டும் என்று விகிதம் விதித்தது. பன்னாட்டு நிறுவனங்களின் பிடி தளர்ந்தது. மருந்து விலை குறைந்தது.

1990களில் தாராளமயம் இந்த விதிகளைத் தளர்த்தியது. இறக்குமதி வரி இறங்கியது. பொதுத்துறை ஆலைகள் முதலீடின்றி நலிந்தன. பென்சிலின் ஜி என்ற மூலப்பொருளைத் தயாரிக்கப் பெரிய நொதிகலன்களும் தடையில்லா மின்சாரமும் மலிவான சர்க்கரைப் பொருளும் தேவை. சீனாவில் இவை பேரளவில் அரசின் ஆதரவோடு அமைந்தன. அங்கிருந்து வந்த சரக்கின் விலை குறைவாக இருந்தது. அதை வாங்கிய ஒவ்வொரு முதலாளிக்கும் லாபம் மிஞ்சியது. நாட்டுக்கோ பென்சிலின் ஜி உற்பத்தியே இல்லாமல் போனது. அமாக்சிசிலின் போன்ற அன்றாட மருந்துகள் பெரும்பாலும் இந்தப் பொருளிலிருந்துதான் கிளைக்கின்றன. இன்று இந்தியாவின் மருந்து மூலப்பொருள் இறக்குமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது.

2020இல் கொரோனாவால் சீன ஆலைகள் முடங்கியபோதுதான் தில்லி விழித்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் பாரசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துகள், மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே மாதம் உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை என்ற பெயரில் 6,940 கோடி ரூபாயைத் தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. ஆனால் இதே அரசின் அமைச்சரவைதான் 2016 டிசம்பரில் ஐ.டி.பி.எல்.லை மூடவும் பொதுத்துறை மருந்து நிறுவனங்களின் உபரி நிலங்களை விற்கவும் முடிவெடுத்தது. மக்கள் பணத்தில் எழுந்த ஆலையை மூடிவிட்டு, மக்கள் பணத்தையே தனியார் ஆலைக்கு மானியமாகத் தருவதற்குப் பெயர்தான் தற்சார்பு!

2024இல் காக்கிநாடாவில் தனியார் ஆலை ஒன்று பென்சிலின் ஜி உற்பத்தியைத் தொடங்கியது. உற்பத்தித் திறன் திரும்புவது வரவேற்கத்தக்கது. ஆனால் இறக்குமதி விலை மீண்டும் சரிந்தால் அந்த ஆலை ஓடுமா என்பதை லாபக் கணக்கே தீர்மானிக்கும். நோயாளியின் தேவை தீர்மானிக்காது.

யாருடைய தற்சார்பு?

சீனப் பொருளைப் புறக்கணிப்போம் என்ற கூச்சல் இதற்கு விடையாகாது. இறக்குமதி வரியை மட்டும் உயர்த்தினால், மூலப்பொருளை வாங்கி மாத்திரை செய்யும் சிறு ஆலைகள் நொடிக்கும். சுமை நோயாளியின் தலையில் விழும். சீனாவின் வலிமை திட்டமிட்ட பொது முதலீட்டில் வளர்ந்தது. கற்க வேண்டிய பாடம் அதுவே.

இடைநிலைப் பொருள்களைப் போலவே அவற்றைப் படைக்கும் தொழிலாளர்களும் கண்ணுக்கு மறைக்கப்படுகிறார்கள். 2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில் ஓர் ஆலை வெடித்துச் சிதறி, நாற்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அங்கே தயாரானது, மாத்திரை உதிராமல் பிணைத்து நிறுத்தும் செல்லுலோஸ் தூள். பல மாத்திரைகளுக்குள் அது இருக்கிறது; எந்த விளம்பரத்திலும் அதன் பெயர் இல்லை. பாதுகாப்பை வெட்டி மலிவாக்கப்படும் மூலப்பொருள் எங்கே தயாரானாலும் அதன் உண்மை விலையைச் செலுத்துவது தொழிலாளிதான்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. அத்தியாவசிய மருந்துகளின் மூலப்பொருள் உற்பத்தியைப் பொதுத்துறை ஏற்க வேண்டும். மூடப்பட்ட நிறுவனங்களின் நிலம் விற்பனைக்கல்ல, உற்பத்திக்கே பயன்பட வேண்டும். மானியம் பெறும் தனியார் ஆலைகள் விலைக் கட்டுப்பாட்டுக்கும் நிரந்தர வேலைக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். ஆலைக் கழிவை ஏரியிலும் கிணற்றிலும் கலந்து லாபம் பார்க்க எவரையும் அனுமதிக்கக் கூடாது.

மருந்து ஆலைத் தொழிலாளியின் போராட்டமும் மலிவான மருந்துக்கான மக்களின் போராட்டமும் வேறு வேறல்ல. இரண்டையும் ஒன்றிணைப்பதே தொழிற்சங்க இயக்கத்தின் முன் நிற்கும் கடமை.