வேப்பங்குச்சியும் அழிறப்பரும்

(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கைவினைப் பயிற்சி தொடங்குமுன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் சலரோகத்தைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று எங்களுக்குத் தரப்பட்ட விடயம் வேறு. உங்கள் முன்னுள்ள மேசைகளில் ஆளுக்கொரு களி உருண்டையும், ஒரு றப்பர் அச்சும், இரண்டு கொக்கிகளும் வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றைக் கொண்டு காதணி செய்வது எப்படி என்று சொல்ல வேண்டுமாம். ‘எங்களுக்கு’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இது தனியொருத்தியின் அனுபவமன்று. 1990இல் உயர்தர வகுப்பில் இருந்த எல்லோருக்கும் சொந்தமானது. எங்களுள் வைத்தியராகப் போனவள் இன்று அதை வாசிக்கிறாள், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சீமெந்து, யூரியா என்று வராமற்போன பொருட்களின் பட்டியல் உங்களுக்கும் மனப்பாடம். பத்திரிகைகள் கொப்பித் தாளிற் கோடுகளின் மேலே அச்சாகி வந்ததை நினைவு வைத்திருப்பீர்கள். ஜாம் போத்தலுக்குள் சிறு திரியிட்டு, அந்த வெளிச்சத்தில் இரசாயனவியல் படித்தோம்.

வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் சுன்னாகம், இணுவில், மருதனார்மடம் என்று வந்து தங்கின. அவர்களின் பிள்ளைகள் சிலர் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருத்தியின் காதில் தோடு இல்லை. தூர்ந்து போகாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள். தோடு எங்கே போனதென்று நாங்கள் கேட்கவில்லை. அக்காலத்தில் அது கேட்கப்படும் கேள்வியன்று. சங்கிலி அரிசியானதும், காப்பு வாடகையானதும், தோடு சைக்கிள் ரியூப் ஆனதும் எல்லா வீடுகளிலும் நடந்த கதை.

1991 நவராத்திரிக்கு அவள் மேடையில் பாட வேண்டியிருந்தது. நல்ல சாரீரம் அவளுக்கு. வேப்பங்குச்சியோடு மேடையேற விடக்கூடாது என்று நாங்கள் முடிவெடுத்தோம். அவளைக் கேட்டா முடிவெடுத்தோம்? இல்லை. அதைப் பின்னர் சொல்கிறோம்.

தங்கம் கிடையாது. கடையில் வாங்கப் பாசிமணியும் கிடையாது. எங்களிடம் இருந்தது எழுதி முடித்த கொப்பிகளின் தாள். அதைக் கிழித்து ஒரு நாள் ஊற வைத்து, உரலில் இடித்து, மரவள்ளி மாவிற் காய்ச்சிய கூழோடு பிசைந்தோம். பூச்சி அரிக்காதிருக்க வேப்பிலைத் தூளும் சேர்த்தோம். அந்தக் களியைத் தட்டி வில்லையாக்கினோம். வில்லையில் அலங்காரம் வேண்டுமே? சவர அலகால் ஓர் அழிறப்பரை வெட்டித் தாமரைப்பூ அச்சுச் செய்தோம். முதலில் வெட்டியது ‘ஓம்’. பதித்துப் பார்த்தால் எழுத்துத் தலைமாறிக் கிடந்தது. அச்சிற் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் எழுதவேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தோம். பௌதிகவியலில் ஆடியும் விம்பமும் படித்துப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள்!

நிறத்துக்குச் செங்கட்டித் தூளும் மஞ்சளும். மினுக்கத்துக்குத் தச்சரிடம் கெஞ்சி வாங்கிய வார்னிஷ் ஒரு சிரட்டை. கொக்கிக்கு மின்சாரம் வராத வீட்டு வயரை உரித்தெடுத்த செப்புக்கம்பி.

அவள் பாடினாள். தோடு மேடை விளக்கில் மின்னியது. விளக்கென்றால் பெற்றோல்மாக்ஸ்தான். நாங்கள் பெருமையில் மிதந்தோம். மூன்றாம் நாள் அவளுடைய காது வீங்கிச் சீழ் பிடித்தது. கம்பியை அவித்துச் சுத்தம் செய்யவேண்டும் என்று எங்களுள் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவள் எங்களிடம் சொல்லவும் இல்லை. பின்னலைக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். மருந்து அருமையாய் இருந்த நாட்கள் அவை. உப்புத் தண்ணீராற் கழுவிக் கழுவித்தான் காது ஆறியது.

தோழிகளே, இந்த அச்சுக் கலை எங்கள் வகுப்பின் கண்டுபிடிப்பன்று. இங்கிருந்து சைக்கிள் ஓடும் தூரத்திலுள்ள ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியொன்றில் ஒரு முத்திரை கிடைத்தது. அதிற் சில குறியீடுகளும், அவற்றின் கீழே பிராமி எழுத்துகளும் இருந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது; மோதிரமொன்றில் இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அதாவது, விரலில் அணியும் நகை, களியிற் பதிக்கும் அச்சு, இரண்டும் ஒன்றே. பக்கத்துக் கந்தரோடையில் மண்ணைக் கிண்டியவர்களுக்குக் கார்னீலியன் போன்ற கல்மணிகள் கிடைத்தன. சிவந்த அந்தக் கல்லிலே மயிர் போன்ற துளையிட்டவர்களின் கைகளை நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பத்தர்மாரின் பட்டறையிலும் அச்சுத்தான் உயிர்நாடி. மெல்லிய தங்கத் தகட்டை அச்சின்மேல் வைத்துத் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புவார்கள். பின்பக்கக் குழியை அரக்கால் நிரப்புவார்கள். அட்டியலிலும் பதக்கத்திலும் நாம் பார்த்து மயங்கும் புடைப்பு வேலை பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதுதான். பத்தர் பித்தளை அச்சிலே தங்கத்தை வைத்தார். நாங்கள் களியிலே அழிறப்பரை வைத்தோம். வேலை ஒன்றுதான், விலைதான் வேறு.

நம் கல்லூரிக்கும் இதிலொரு தொடர்புண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் இக்கல்லூரியைத் தொடங்கியபோது முதல் அதிபராக இருந்தவர் புளோரன்ஸ் பார் எமெரி அம்மையார். இலண்டன் நாடக மேடையிற் பெயர் பெற்றவர். கவிஞர் யேற்ஸுக்கும் நாடகாசிரியர் பேர்னாட் ஷோவுக்கும் நண்பர். 1912இல், ஐம்பது வயது கடந்தபின், கப்பலேறி இங்கு வந்தார். அவர் இளமையில் இலண்டன் ஹமர்ஸ்மித்தில் மே மொறிஸ் என்பவரிடம் பூந்தையல் கற்றவர். மே மொறிஸின் தந்தை வில்லியம் மொறிஸ், மர அச்சுகளால் துணியிற் பூக்கள் பதித்து, இயந்திரப் பொருட்கள் மலிந்த காலத்திற் கைவேலையின் மதிப்பை நிலைநாட்டியவர். மே மொறிஸ் தாமே விலை குறைந்த கற்களைக் கொண்டு கழுத்தணிகளும் செய்தார். நகையின் பெறுமதி கல்லின் விலையிலன்று, செய்தவரின் கையிலே என்பது அந்தக் கூட்டத்தாரின் கொள்கை. இராமநாதனின் தாய்மாமன் மகனாகிய ஆனந்த குமாரசுவாமியும் அவர்களோடு நெருங்கியவர். இலங்கைக் கம்மாளரின் தொழிலைப் பற்றிய தமது பெருநூலை 1908இல் இங்கிலாந்திலே, வில்லியம் மொறிஸின் பழைய அச்சியந்திரத்திலேயே அச்சிட்டார்.

எமெரி அம்மையார் 1917இற் கொழும்பிலே மார்பகப் புற்றுநோயால் இறந்தார். நூறு ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் கிடைத்தது ஒரு சத்திரசிகிச்சை மாத்திரமே. இன்று நமக்கு அப்படியன்று. ஆகவே காதணி பேச்சின் நடுவே ஒரு வைத்திய வார்த்தை: மாதத்தில் ஒரு நாள் உங்கள் மார்பை நீங்களே தடவிப் பாருங்கள். நோகாத கட்டிதானே என்று விடாதீர்கள். நோகாத கட்டியைத்தான் முதலிற் காட்டவேண்டும். வெட்கத்தினால் ஆறு மாதம் பிந்தி வருகிறவர்களை நாங்கள் கிளினிக்கில் இன்னமும் பார்க்கிறோம். முதல் அதிபருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.

இனி மேசைக்கு வருவோம். களியை நன்றாகப் பிசைந்து, ரூபாக் குற்றிகள் இரண்டை அடுக்கிய கனத்துக்குத் தட்டுங்கள். அச்சின் மேல் சோளமாவைத் தூவித் தட்டிவிடுங்கள், ஒட்டாது. நேரே அழுத்தி நேரே எடுங்கள். ஆட்டினாற் பூவுக்கு இரண்டு நிழல் விழும். சுற்றிவர வெட்டிவிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஈர்க்கினால் துளையிடுங்கள். காய்ந்தபின் துளைக்கப் போனால் வெடிக்கும். இரண்டு நாள் நிழலில், இடையிடையே புரட்டிப்போட்டுக் காயவிடுங்கள். பின்னர் நிறத்தை முழுவதும் பூசி, ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்தால், பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கிப் பூ எழுந்து நிற்கும். மெல்லியதாக இரண்டு முறை வார்னிஷ். வெளிநாட்டிலிருப்போர் பொலிமர் களி வாங்கினால் அதன் பொதியிலுள்ள வெப்பநிலைக்கு மேல் சூடாக்காதீர்கள். கருகினாற் கெட்ட புகை வரும்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, கொக்கி. மலிவான உலோகங்களில் நிக்கல் கலந்திருக்கும். காது கடித்து நீர் வடிவதற்கு அதுவே முதற்காரணம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் போகாது. ஐரோப்பாவில் நகையிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. வெள்ளி அல்லது தைற்றேனியம் நல்லது. எதுவாயினும் அணியுமுன் சுத்தம் செய்யுங்கள். நாங்கள் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம். இரண்டாவது, குண்டுமணி. பத்தர்மார் பொன் நிறுத்த அந்த அழகிய விதையைத் துளைத்து மாலை கோக்க ஆசை வரும். அதன் தோலுக்குள் இருப்பது கொடிய நஞ்சு. ஓட்டை போட்ட விதையைக் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, புதிதாகத் துளையிட்ட காதுக்குக் கைவினைத் தோடு வேண்டாம், காது ஆறட்டும்.

சொல்லாமல் விட்ட கதைக்கு வருகிறோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது நாங்கள் சிதறினோம். ரொறொன்ரோ, இலண்டன், பாரிஸ், மெல்பேண். பாடியவள் வன்னிக்குப் போனாள் என்று மட்டும் தெரியும். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், தாயாரைக் கூட்டிக்கொண்டு எங்களுள் வைத்தியரானவளின் கிளினிக்குக்கே வந்தாள். முகத்தை விட முதலில் அடையாளம் தெரிந்தது காதுச்சோணையில் இருந்த வடு.

அன்று நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்தாள். “காது புண்ணானதுக்கு என்னத்துக்கடி மன்னிப்பு? வேப்பங்குச்சியில எனக்கு வெக்கமே இருக்கேல்லை. எங்கட சனம் எல்லாற்ற காதிலையும் அதுதானே கிடந்தது. உங்கட கடுதாசித் தோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில ஏறேக்கைதான் வெக்கமாக் கிடந்தது. பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும், அது ஆர் செய்து ஆருக்குக் குடுத்ததெண்டு.”

நாங்கள் வாயடைத்து நின்றோம். அவள் தொடர்ந்தாள்: “ஆனா அந்தத் தாமரைப்பூ அச்சு நான் வெட்டினது. ஞாபகம் இருக்கே? நீங்கள் வெட்டின ‘ஓம்’ பிழைச்சுப்போக, நான்தானே அலகை வாங்கி வெட்டினனான். அந்தப் பின்னேரம் நல்லா இருந்தது. தோடு போட்டது உங்களுக்காக. அச்சு வெட்டினது எனக்காக.”

எங்களுக்கு அது ஞாபகம் இருக்கவில்லை. இருபது வருடமாகத் தாமரைப்பூவை நாங்கள் வெட்டியதாகவே சொல்லிவந்திருக்கிறோம். இந்த உரையின் தொடக்கத்திலும் அப்படித்தான் சொன்னோம். பழக்கதோஷம். இப்போது திருத்திக்கொள்கிறோம்: அந்த அச்சை வெட்டியவள் அவள்.

நாம் எல்லோரும் கல்லூரிக்கு ஏதேனும் செய்ய விரும்புகிறோம். வெளிநாடுகளிலிருந்து பொதிகள் வருகின்றன. அன்போடு அனுப்பப்படுபவைதான். ஆயினும் எங்கள் வகுப்பின் வேண்டுகோள் ஒன்று உண்டு. செய்து முடித்த பொருளைப் பிள்ளைக்கு அணிவித்துப் படம் எடுக்கவேண்டாம். அச்சு வெட்டும் அலகையும், றப்பர்த் துண்டையும், களியையும், நல்ல கொக்கியையும் கொடுப்போம். எங்கள் வகுப்பார் சேர்ந்து அவற்றை ஒரு அலுமாரியாகச் சித்திர அறைக்குத் தருகிறோம். அதைத் திறப்பதற்கு வறுமைச் சான்றிதழ் வேண்டாம். டொக்ரரின் மகளும் திறக்கலாம், தோட்டக்காரரின் மகளும் திறக்கலாம். என்ன பூ வெட்டுவது என்று நாங்கள் சொல்லமாட்டோம். செய்ததை அணிவதும், விற்பதும், அம்மாவுக்குக் கொடுப்பதும், பிடிக்காவிட்டால் உடைத்துப் பிசைவதும் அவரவர் விருப்பம்.

பள்ளிக்கூடத்துக்கு நகை அணிந்து வரக்கூடாது என்ற விதி இன்றும் இருப்பதாக அறிகிறோம். அந்த விதிக்கு நாங்கள் பங்கம் செய்யவில்லை என்பதை அதிபர் அவர்களுக்கு இச்சந்தர்ப்பத்திற் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!

இன்று உங்கள் மேசையிலுள்ள அச்சுகளைச் செய்து அனுப்பியவள் அவளே. ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். தாமரைப்பூ. பாடவும் அழைத்தோம், “வேலை கிடக்குது, பிறகு பாப்பம்” என்றாள். அழைப்பது எங்கள் உரிமை, மறுப்பது அவள் உரிமை. அச்சுகளுக்கு உரிய விலையை வாங்கிக்கொண்டாள். பேரம் பேசிப் பார்த்தோம், விடவில்லை.

களி காய்கிறது, இனிப் பேச்சை நீட்டக்கூடாது.