நண்பரும் அடையும் ஒரு பூனையும்



ஊரிலிருந்து பட்டணத்துக்கு வரும் உறவினர் இரண்டு நாளைக்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவார். "இந்த இரைச்சலிலும் புழுக்கத்திலும் என்ன சுகத்தைக் கண்டு இங்கே இருக்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. கேட்பவர்மீது பிழையில்லை. நாமும் விடாமல் கடற்கரை, சங்கீத சபை, பொருட்காட்சி என்று ஒரு பட்டியல் சொல்லிப் பார்க்கிறோம். கடற்கரைக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று அவர் திருப்பிக் கேட்டால் நமக்கு விடை கிடைப்பதில்லை.

நகரவாசியை நகரத்தில் பிடித்து நிறுத்துபவை பட்டியலில் ஏறாத சிறிய இன்பங்கள். மாலையில் பேசுவதற்கு ஒரு நண்பர். சுடச்சுட உண்பதற்கு ஓர் அடை. காலடியில் சுருண்டு கிடக்க ஒரு பூனை. இம்மூன்றையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் குடியிருப்பது ஆதம்பாக்கம். பரங்கிமலைக்குக் கிழக்கே, வேளச்சேரிக்கு மேற்கே அமைந்த ஊர். பாக்கம் என்பது பழைய சொல். கடற்கரைச் சிற்றூர்களைச் சங்க நூல்கள் இப்பெயரால் வழங்குகின்றன. பின்னர்ச் சிற்றூர் என்னும் பொதுப் பொருளே நின்றது. கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று சென்னையில் பாக்கங்கள் பல. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு, ரயில் பாதையை ஒட்டிய இத்தகைய ஊர்கள் பட்டணத்து அலுவலகங்களுக்குப் போய்வருவோர் குடியேறும் இடங்களாகச் சிறிது சிறிதாக மாறின. ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்திருந்த ஆதம்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று ஏரி குறுகிவிட்டது, அடுக்ககங்கள் உயர்ந்துவிட்டன.

கிராமத்தில் ஒருவன் பிறக்கும்போதே மாமன், மைத்துனன், பங்காளி என்று ஒரு சுற்றம் அமைந்துவிடுகிறது. நகரத்துக்குப் பிழைக்க வந்தவனோ அந்தச் சுற்றத்தை விட்டு வந்தவன். அவன் தனக்கென்று ஒரு சுற்றத்தைத் தேடிக்கொள்ள வேண்டியவனாகிறான். எங்கள் அடுக்ககத்தில் எட்டுக் குடித்தனங்கள். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம், ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் ஆம்பூர், ஒருவருடைய முன்னோர் நெல்லூரார். ஒருவருடைய குலதெய்வம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் ஒருவருக்குக் காப்பியில் சர்க்கரை எத்தனை கரண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். இதுவே நகரத்து உறவு.

முற்காலத்தில் இவ்வுறவு திண்ணையில் வளர்ந்தது. இது யாருடைய திண்ணை என்று கேளாமலே வழிப்போக்கர் உட்காரலாம். வீட்டுக்காரரும் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்கமாட்டார். தனி வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பியபோது முதலில் மறைந்தது திண்ணைதான். அது மெல்லப் படியேறி மொட்டை மாடிக்குப் போய்விட்டதாக நான் எண்ணிக்கொள்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவர் பாயை விரிப்பார். ஒருவர் வடகம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வருவார். மேற்கே பரங்கிமலையின் பின்னால் கதிரவன் இறங்குவான். மீனம்பாக்கத்துக்கு வரும் விமானத்தின் ஓசையால் பேச்சு அரை நிமிஷம் நிற்கும்; பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வானொலியும் இத்தகைய பொது இன்பமாகவே சென்னைக்கு வந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பு நடத்தத் தொடங்கியது. அந்நாளில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியைச் சுற்றி மக்கள் கூடி நின்று பாட்டுக் கேட்டார்கள். 1938-இல் சென்னை வானொலி நிலையம் அமைந்த பின்னரும் நெடுங்காலம் ஒரு வீட்டுப் பெட்டி ஒரு தெருவுக்கே போதுமானதாக இருந்தது.

இனி அடைக்கு வருவோம். இட்டிலியும் தோசையும் உயர்ந்த பண்டங்களே. ஆனால் அவற்றுக்கு முன்யோசனை வேண்டும். முதல்நாளே அரைத்து, இரவெல்லாம் புளிக்க வைக்க வேண்டும். அடை அப்படியன்று. அரிசியோடு துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் கொஞ்சம் உளுந்தையும் நண்பகலில் நனைத்தால் போதும். மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, மாலையிலேயே வார்த்துவிடலாம். முன்கூட்டிச் சொல்லாமல் வரும் நண்பருக்கு ஏற்ற பண்டம் இதுவே. மற்றொரு சிறப்பும் இதற்கு உண்டு. அடை மெதுவாக வேகும். நடுவில் துளையிட்டு, எண்ணெய் விட்டு, சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் உண்ணும்போது மற்றவர் காத்திருப்பார். காத்திருப்பவர் சும்மா இருக்க முடியாது; பேசியாக வேண்டும். அடுப்படியில் நிற்பவரும் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும் என்றால், அடுப்பையே மாடிக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்கிறோம். கரண்டி ஒரே கையில் இருப்பதும் இல்லை. எண்ணெய் விடுவதில் தஞ்சாவூராருக்கும் நெல்லூராருக்கும் உள்ள பூசல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் துணை. இங்கேதான் பூனை வந்து சேர்கிறது. அது வெல்லத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வெண்ணெய்க்குத் தவம் கிடக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. பூனையின் நாவுக்கு இனிப்புச் சுவை தெரியாது. அச்சுவையை உணர்வதற்கு வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுக் கிடப்பதை 2005-இல் அறிவியலார் கண்டறிந்து வெளியிட்டார்கள். பாயசம் வைத்த வீட்டில் பூனைக்குப் பயந்து பாத்திரத்தை மூடுகிறவர்கள், அது பாலுக்கும் நெய்க்குமே வருகிறது என்பதை அறிந்துகொள்ளலாம்.

எங்கள் பூனை சாம்பல் நிறத்தில் கருங்கோடுகள் ஓடியது. அது யாருடைய வீட்டுப் பூனையும் அன்று. ஆனால் அதற்குப் பெயர்கள் நான்கு. கீழ்த்தளத்துப் பாட்டி அதனைக் 'கிருஷ்ணா' என்று அழைப்பார். குழந்தைகளுக்கு அது 'புலி'. இரவில் ஒவ்வொரு தளமாகச் சுற்றி வருவதால் திருநெல்வேலி நண்பர் அதற்கு 'ஏட்டையா' என்று உத்தியோகம் கொடுத்திருக்கிறார். ஆம்பூர் நண்பருக்கு அது 'நவாப்'. நான்கு பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கும். ஒருநாள் மாடிப்படியின் கீழே இந்த நவாப் மூன்று குட்டிகளை ஈன்றது. அதன் பின்னும் பெயர்களை மாற்ற யாரும் உடன்படவில்லை.

நம் முன்னோர் பூனையைக் கூர்ந்து நோக்கியவர்கள். பூனையை வெருகு என்று கூறும் தொல்காப்பியம், அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது என்று விதிக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் முல்லையின் மெல்லரும்புக்கு வெருகின் சிரிப்பை உவமை காட்டுகிறார். பாரதியார் ஒரு வெள்ளைப் பூனைக்குப் பல நிறத்தில் பிறந்த குட்டிகளைக் கொண்டே மக்கள் யாவரும் ஒரு நிகர் என்று விளக்கினார். கம்பரோ, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் பாடினார். பூனை எவ்வாறு நக்குகிறது என்பதை 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விரைவுப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். அது பாலை அள்ளிக் குடிப்பதில்லையாம். நாவின் நுனியால் மேற்பரப்பைத் தொட்டு விரைவாக இழுக்கிறது. கூடவே எழும் மெல்லிய தாரையை, அது கீழே விழுமுன் வாயால் கவ்விக்கொள்கிறது. ஒரு விநாடிக்குச் சுமார் 4 முறை இவ்வாறு நிகழ்கிறது. இந்த வேகத்தில் பாற்கடல் எப்போது வற்றும் என்ற கணக்கை நேயர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

குட்டிகள் பிறந்த பின்பு எங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் நடந்தது. பூனை வேண்டுமா, வேண்டாமா என்பதே பொருள். வேண்டாம் என்றவர்களின் குறைகள் நியாயமானவை. ஸ்கூட்டர் இருக்கையில் நகக்கீறல். கார் நிறுத்துமிடத்தில் அசுத்தம். ஒரு வீட்டில் கைக்குழந்தை. சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அதற்குத் தஞ்சாவூர்ப் பெரியவர் அமைதியாக விடை கூறினார்.

"ஐயா, விலங்குகளுக்காக இந்நாட்டில் சட்டம் வந்ததற்கே நம் ஊர் அம்மையார் ஒருவர் காரணம். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே விலங்குவதைத் தடுப்புக்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி கூறியதால் அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். ஒரு விலங்கைப் பசியால் வாடும்படி கைவிடுவதும் அச்சட்டத்தின்படி குற்றமாகும்."

இன்னொருவர், கேப்டன் சுந்தரம் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பை நினைவூட்டினார். அதன் தலைமையகம் எங்களுக்கு அண்மையில், வேளச்சேரி சாலையிலேயே இருக்கிறது. துரத்துவதால் பூனைகள் குறைவதில்லை. ஒன்றைத் துரத்தினால் அந்த இடத்துக்கு மற்றொன்று வரும். கருத்தடை செய்வதே வழி என்றார் அவர். இறுதியில் முடிவு ஏற்பட்டது. குட்டிகள் மூன்றுக்கும் வீடு தேடுவது. தாய்ப்பூனைக்கு அறுவைச் சிகிச்சை செய்விப்பது. பின்புறச் சுவரோரம் ஒரே இடத்தில், ஒரே வேளையில் உணவு வைப்பது. வைத்தவரே இடத்தைக் கழுவிவிடுவது. சாக்கு யோசனை சொன்னவர், தம் ஸ்கூட்டருக்கு ஓர் உறை வாங்கித் தரவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். எட்டு வீட்டாரும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு பூனைக்காக இவ்வளவு விவாதமா என்று நேயர்கள் நினைக்கலாம். விவாதம் பூனையைப் பற்றியது மட்டும் அன்று. இது யாருடையது என்று கேட்டு, யாருடையதும் அன்று, ஆகவே துரத்துவோம் என்று முடிவு செய்யப் பழகிவிட்டால், அந்தப் பழக்கம் பூனையோடு நிற்காது. தனித்து வாழும் முதியவரும் ஒருநாள் யாருடையவரும் அல்லாதவராகிவிடுவார். யாருக்கும் சொந்தமில்லாதது எல்லோருடைய பொறுப்பு என்று பழகிவிட்டாலோ, அந்தப் பழக்கமும் பூனையோடு நிற்பதில்லை.

இதனை நாங்கள் 2015 டிசம்பரில் கண்டோம். முதல் தேதி பெய்த பெருமழையில் தென்சென்னை நீரில் மூழ்கியது. எங்கள் தெருவும் நீரானது. மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் ஊமையாயின. கீழ்த்தளத்துப் பாட்டியை இருட்டில் மேலே தூக்கி வந்தார்கள். அவருடைய மருந்துப் பெட்டி எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கும் என்பது இரண்டாம் மாடிப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? வாரந்தோறும் அடை கொண்டுபோய்க் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்ததனால் தெரிந்தது. எட்டு வீட்டு அரிசியும் ஒரே பானையில் வெந்தது. அந்நாளில் எங்களோடிருந்த கிழட்டுப் பூனையும் மாடிப்படியின் உச்சியில் வந்து படுத்துக்கொண்டது. அன்று யாரும் ஒருவரையொருவர் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகள் அவ்வேலையை முன்பே முடித்து வைத்திருந்தன.

உள்ளதைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் காப்பதே அறங்களுள் தலையாயது என்றார் வள்ளுவர். துறவிக்கு மட்டும் கூறிய அறமாக இதனை நாம் ஒதுக்கிவிடுகிறோம். அடுக்ககத்தில் வாழ்கிறவனுக்கும் இது பொருந்தும். இக்காலத்தில் கைப்பேசியை விரலால் தொட்டால் உணவு வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த வசதியை நான் குறைகூறவில்லை. அலுவலிலிருந்து களைத்து வருவோருக்கும், தனியே இருக்கும் நோயாளிக்கும் அது பேருதவி. ஆனால் அவ்வுணவு வரும்போது ஒரு கதவு திறந்து, உடனே மூடிக்கொள்கிறது. அடை வார்க்கும்போதோ வாசனை படியேறிப் போய் எட்டுக் கதவுகளையும் திறந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடம் இருக்கட்டும். இரண்டாவது அடியோடு மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அதற்குப் பெரிய முயற்சி எதுவும் வேண்டாம். அடுத்த முறை அடைக்கு நனைக்கும்போது ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி பருப்பும் கூடுதலாகப் போடுங்கள். யாருக்கு என்று அப்போதே தீர்மானிக்க வேண்டியதில்லை. மாவு தயாராக இருந்தால் ஆள் தானே வந்து சேர்வார். வெண்ணெயை மட்டும் சற்று உயரமான இடத்தில் வையுங்கள்.