சூதும் மயக்கும்



திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. அவற்றை அடுத்து நிற்பது மருந்து. சமண அறநூல்கள் இல்லறத்தார்க்கு விலக்கிய ஏழு வியசனங்களுள்ளும் சூது முதலில் எண்ணப்படும். கள்ளும் அவ்வேழனுள் ஒன்று. கள்ளுக்குச் சொன்னது இன்று கஞ்சாவுக்கும் பொருந்தும். இவ்விரு தீமைகளையும் ஒருங்கு வைத்து எண்ணுவது நம் மரபுக்குப் புதிதன்று.

மருத்துவ உலகம் இவ்வுண்மைக்கு அண்மையில்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பில், சூதாட்ட நோயை மது, கஞ்சா முதலிய போதைநோய்களோடு ஒரே பிரிவில் வைத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பகுப்பும் அவ்வாறே செய்தது. காரணம் யாது? புகையும் பந்தயமும் மூளையில் இன்பவேட்கைக்குரிய ஒரே பாதையைத் தூண்டுகின்றன.

சூதாடுவோர் எல்லாரும் கஞ்சா புகைப்பவரல்லர். புகைப்போர் எல்லாரும் சூதாடுபவருமல்லர். ஒன்றே மற்றொன்றைப் பிறப்பிக்கும் என்று அறுதியிட்டுக் கூறவும் இயலாது. ஆயினும் சூதினால் அல்லலுறுவோரிடையே போதைப்பழக்கம் பிறரிடத்தினும் மிகுந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வாளரும் கண்டுள்ளனர். பின்விளைவு கருதாத அவசர இயல்பு இரண்டுக்கும் பொதுவான வேர். தோற்றவன் துயர் மறக்கப் புகையை நாடுகிறான். புகைத்தவனுக்கோ நினைவும் காலக்கணிப்பும் தளர்கின்றன. இழந்ததன் அளவு அவனுக்குப் புலனாவதில்லை.

படவேடு, ஆரணி வட்டாரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. புடவை நெய்து முடிந்த பின்னரே கூலி. இடையில் முன்பணமே கைகொடுக்கும். மாதக்கணக்கில் குடும்பம் உழைத்து ஈட்டியதைக் கைப்பேசி ஓரிரவில் விழுங்கிவிடும். முன்னாளில் சூதாடக் களத்துக்குச் செல்ல வேண்டும். இன்று களமே படுக்கையறைக்கு வந்துவிட்டது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. தமிழகத்தில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்பட்டது. இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறன், வாய்ப்பு என்னும் வேறுபாடு பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கிற்று. கஞ்சாவுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் உள்ளது.

ஆனால் வீட்டுக் கதவுக்கு உள்ளே சட்டம் நுழைவதில்லை. அங்கே ஆட்சி புரிவது மானம். "வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?" என்று அஞ்சிப் பெற்றோர் கடனை மறைவாக அடைக்கின்றனர். அடைத்த கடன் அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிறது. மறைப்பே நோயை வளர்க்கிறது.

இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சை பெற்று நிறைவு செய்தால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்களிக்க அச்சட்டத்தின் 64-ஏ பிரிவு இடம் தருகிறது. மன உளைச்சலுக்கு 14416, போதை மீட்புக்கு 14446 என்னும் இலவச எண்களில் ஆலோசனை பெறலாம். இரு பழக்கமும் உடையவர் இரண்டையும் மருத்துவரிடம் கூறல் வேண்டும். ஒன்றை ஒளித்தால், அதுவே மற்றொன்றை மீண்டும் அழைத்து வரும்.

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி முடிந்துவிட்டே மேலே நெய்வார், இழையைத் திட்டிக்கொண்டிருப்பதில்லை. வழி தவறிய மகனிடமும் கணவனிடமும் வேண்டுவது அதுவே. பணத்தைக் கையில் கொடாதிருப்பீர், கணக்கைக் கேட்பீர், சிகிச்சைக்கு உடன் செல்வீர், உணவையும் உரையாடலையும் மட்டும் மறுக்காதீர். சொல்லாலும் ஓர் உயிரை வருத்தாமை நம் முதல் அறமன்றோ?

அறம் வளர்க.